குடும்ப அசைவூட்டப் படங்களின் தரத்தை எதனைக் கொண்டு அளப்பது?

மூன்று தலைமுறையினர் ஒரே கூடத்தில் அமர்ந்து, எவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தேவையின்றிப் பார்த்து முடிக்கக்கூடிய திரைப்படங்கள் இன்று அருகி வருகின்றன. இந்த வெற்றிடத்தைப் பெருமளவில் நிரப்பி நிற்பவை, வீடுகளில் பொதுவாக 'கார்ட்டூன்' என்று அழைக்கப்படும் அசைவூட்டப் படங்களேயாகும். ஆபாசம் இல்லை, இரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை என்ற நம்பிக்கையில் பெற்றோர்கள் இப்படங்களைச் சிறார்களிடம் ஒப்படைத்துவிட்டுத் தமது அலுவல்களைக் கவனிக்கச் சென்றுவிடுகின்றனர். ஆயினும் கெடுதி இல்லாத உணவெல்லாம் சத்துள்ள உணவாகிவிடுவதில்லை. கெடுதியற்ற படத்துக்கும் நல்ல படத்துக்கும் இடையிலான தூரமும் அத்தகையதே.

வளர்ந்தவர் ஒருவர் ஒரு திரைப்படத்தை ஒரு தடவை பார்ப்பார். பிடித்திருந்தால் மறுமுறை பார்ப்பார். குழந்தையோ தனக்குப் பிடித்த படத்தை வசனங்கள் மனப்பாடமாகும் வரை திரும்பத் திரும்பப் பார்க்கின்றது. மரணம், பிரிவு, அநீதி, குற்றவுணர்வு, மன்னிப்பு ஆகியவை பற்றிய அதன் முதல் அறிமுகம் பல வேளைகளில் இத்தகைய ஒரு படத்தின் வாயிலாகவே நிகழ்கின்றது. எனவே இப்படங்களுள் எது ஆழமானது, எது மேலோட்டமானது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது திரைப்பட விமர்சகர்களின் பொழுதுபோக்கு மட்டுமன்று. அது பெற்றோரினதும் ஆசிரியர்களினதும் கரிசனைக்குரிய விடயமுமாகும்.

ஒரு நூற்றாண்டுப் பயணம்

முழுநீள அசைவூட்டப் படங்களுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைமையானது, 1926 ஆம் ஆண்டு ஜேர்மனியில் லொட்டே ரைனிகர் என்ற பெண்மணி உருவாக்கிய 'இளவரசர் அஹ்மத்தின் சாகசங்கள்' என்ற படமாகும். ஆயிரத்தொரு இரவுகள் கதைத் தொகுதியிலிருந்து எடுக்கப்பட்ட கதை அது. கறுப்புக் காகித அட்டைகளைக் கத்தரிக்கோலால் உருவங்களாக வெட்டி, ஒளியூட்டப்பட்ட கண்ணாடியின் மீது வைத்து, சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடித்தார் அவர். பணி நிறைவுற ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சென்றன. நமது பாவைக்கூத்து மரபை அறிந்தவர்களுக்கு அந்நிழல் உருவங்கள் அந்நியமாகத் தோன்றமாட்டா.

1937 டிசெம்பரில் வோல்ட் டிஸ்னியின் 'ஸ்னோ வைட்டும் ஏழு குள்ளர்களும்' வெளியானதோடு இக்கலை ஒரு பெருந்தொழிலாகப் பரிணமித்தது. 1995 இல் வெளியான பிக்ஸார் நிறுவனத்தின் 'டோய் ஸ்டோரி' முற்றுமுழுதாகக் கணினியில் உருவாக்கப்பட்ட முதலாவது முழுநீளப் படம் என்ற பெயரைப் பெற்றது. மறுபுறத்தில் ஜப்பானில் ஹயாவோ மியாசாகி, இசாவோ தகஹாட்டா ஆகியோரைத் தூண்களாகக் கொண்டு 1985 இல் தோற்றுவிக்கப்பட்ட ஜிப்லி நிறுவனம், கையால் வரையும் மரபை விடாது பேணி, அதற்குள்ளேயே புதிய உயரங்களைத் தொட்டது. ஒஸ்கார் விருது வழங்குவோர் முழுநீள அசைவூட்டப் படங்களுக்கெனத் தனியான விருதினை 2001 ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே வழங்கத் தொடங்கினர் என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. இக்கலை சிறுபிள்ளைகளின் விளையாட்டு என்ற எண்ணம் மாறுவதற்கு அத்தனை காலம் பிடித்திருக்கின்றது.

அதன் பின்னாலுள்ள உழைப்பைக் கணக்கிட்டால் இவ்வெண்ணம் எவ்வளவு தவறானது என்பது புலப்படும். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. தொண்ணூறு நிமிடப் படமொன்றில் 129,600 சட்டகங்கள் உள்ளன. ஒவ்வொரு சித்திரத்தையும் இரண்டு சட்டகங்களுக்குப் பயன்படுத்தினாலும் கூட அறுபத்தையாயிரத்துக்கு அண்மித்த சித்திரங்கள் தேவைப்படும். நடிகர்களைக் கொண்டு எடுக்கும் படத்தில் காற்று தானாக வீசும்; தெருவில் ஒரு நாய் தற்செயலாகக் குறுக்கே ஓடும். அசைவூட்டப் படத்திலோ ஓர் இலை அசைவதற்கும் எவரேனும் ஒருவர் முடிவெடுத்திருக்க வேண்டும். தற்செயல் என்பதற்கு இடமில்லாத கலை இது. ஆகவே ஒரு படம் ஆழமற்றதாக இருப்பின் அதுவும் எவரோ எடுத்த முடிவின் விளைவே.

தொழில்நுட்பம் வேறு, தரம் வேறு

தரத்தை மதிப்பிடும்போது நாம் முதலில் ஏமாறும் இடம் தொழில்நுட்பமாகும். உரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியே அசைகின்றது, நீரலை மெய்யான கடலைப் போலவே இருக்கின்றது என்று வியந்து, அந்த வியப்பையே தரமென்று கொள்கின்றோம். இதற்குச் சரியான பரிசோதனைக் களமாக அமைவது 'த லயன் கிங்' திரைப்படத்தின் இரு வடிவங்களாகும். 1994 இல் வெளியான கையால் வரையப்பட்ட வடிவம் 88 நிமிடங்களைக் கொண்டது. 2019 இல் கணினியின் துணையுடன், மெய்யான விலங்குகளைப் படம்பிடித்தது போன்ற தோற்றத்தில் எடுக்கப்பட்ட வடிவம் 118 நிமிடங்களைக் கொண்டது. கதை ஒன்றே. பல காட்சிகள் அச்சொட்டாக ஒன்றே.

ஆயினும் சிங்கக்குட்டி சிம்பா தன் தந்தையின் உயிரற்ற உடலை எழுப்ப முனையும் காட்சியை இரு வடிவங்களிலும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் வேறுபாட்டை உடனே உணர்வார். பழைய வடிவத்தில் புருவம் உயர்கின்றது, கண்கள் நிறைகின்றன, குட்டியின் முகத்தில் நம்பிக்கை சிறிது சிறிதாக வடிந்து செல்கின்றது. புதிய வடிவத்திலோ மெய்யான சிங்கத்தின் முகம் எவ்வளவு உணர்ச்சி காட்டுமோ அவ்வளவே காட்டப்படுகின்றது. மெய்யான சிங்கம் மனிதரைப் போல் அழுவதில்லை என்பதால் அக்காட்சி பார்ப்பவர் மனதைத் தொடாமலே நகர்ந்து செல்கின்றது. விமர்சகர் பலர் இக்குறையைச் சுட்டிக்காட்டினர். அதனால் வருமானம் குறையவில்லை. அப்படம் உலகெங்கும் 160 கோடி டொலருக்கும் மேல் ஈட்டியது. வருமானமும் தரத்துக்கான அளவுகோலன்று என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

இதற்கு நேரெதிரான உதாரணத்தை 2024 ஆம் ஆண்டு தந்தது. லத்வியா என்ற சிறிய நாட்டைச் சேர்ந்த இளம் இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோடிஸ், எவரும் கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளக்கூடிய பிளெண்டர் என்ற மென்பொருளைக் கொண்டு, ஏறத்தாழ 35 இலட்சம் யூரோ செலவில் 'ஃப்ளோ' என்ற படத்தை உருவாக்கினார். உலகை மூழ்கடிக்கும் வெள்ளத்தில் ஒரு படகில் வந்து சேரும் பூனையும் நாயும் வேறு சில பிராணிகளும் ஒன்றையொன்று சகித்துக்கொள்ளப் பழகுவதே கதை. படத்தில் ஒரு சொல் வசனம் கிடையாது. அதே ஆண்டு வெளியான 'இன்சைட் அவுட் 2' படத்துக்கு ஏறத்தாழ 20 கோடி டொலர் செலவிடப்பட்டது. 2025 மார்ச் மாதத்தில் ஒஸ்கார் விருதை வென்றது செலவு குறைந்த லத்வியப் படமே. பூனை அச்சப்படுவதையும் பின்னர் அச்சம் தெளிவதையும் அதன் உடலசைவு ஒன்றின் மூலமே அப்படம் உணர்த்திற்று.

துயரத்தைச் சொல்லும் விதம்

அப்படியாயின் ஆழம் என்பது எது? இதற்கான மிக நம்பகமான உரைகல், துயரத்தை ஒரு படம் எவ்வாறு கையாள்கின்றது என்பதே எனலாம். குழந்தைகளுக்கான படங்களில் மரணம் புதிய வரவன்று. 1942 இல் வெளியான 'பாம்பி' படத்திலேயே மான்குட்டியின் தாய் வேட்டைக்காரரின் துப்பாக்கிக்கு இரையாகின்றது. ஆனால் அந்த மரணம் திரையில் காட்டப்படுவதில்லை. வெடிச்சத்தம் கேட்கின்றது. பனி பொழியும் காட்டில் குட்டி தாயைத் தேடி அழைக்கின்றது. பதில் இல்லை. இரத்தத்தைக் காட்டாமலே இழப்பின் முழுப்பாரத்தையும் உணர்த்த முடியும் என்பதை எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே அப்படம் நிரூபித்துவிட்டது.

'த லயன் கிங்' இதனை ஒரு படி மேலே கொண்டு செல்கின்றது. தந்தையின் மரணத்துக்கு நீயே காரணம் என்று சிற்றப்பன் ஸ்கார் குட்டியிடம் கூறுகின்றான். குட்டி அதனை நம்பி ஓடிவிடுகின்றது. குடும்பத்தில் நேரும் மரணத்துக்கோ பிரிவுக்கோ தானே காரணம் என எண்ணி உள்ளுக்குள் குமைவது சிறு பிள்ளைகளிடம் காணப்படும் இயல்பாகும். எந்தப் பிள்ளையும் வாய்விட்டுச் சொல்லாத அந்தக் குற்றவுணர்வை ஒரு வணிகப் படம் தன் கதையின் அச்சாணியாக ஆக்கியமை சாதாரண விடயமன்று.

2003 இல் வெளியான 'ஃபைண்டிங் நீமோ' இழப்பின் பின்னரான காலத்தைப் பற்றியது. மனைவியையும் ஒன்றைத் தவிர ஏனைய முட்டைகள் அனைத்தையும் படத்தின் தொடக்கத்திலேயே இழந்துவிடும் மார்லின் என்ற மீன், எஞ்சிய ஒரே மகனுக்கு எதுவுமே நேர்ந்துவிடக்கூடாது என்று அஞ்சி அஞ்சி வளர்க்கின்றது. எதுவுமே நேராதவாறு காத்தால் அப்பிள்ளைக்கு வாழ்க்கையில் எதுவுமே நிகழாமல் போய்விடுமே என்று மறதி மிக்க தோழி டோரி அப்பாவித்தனமாகக் கேட்கின்றாள். அக்கேள்வி, பிள்ளைகளுக்காக எடுக்கப்பட்ட படத்தில் பெற்றோரை நோக்கி விடுக்கப்பட்ட கேள்வியாகும். பிள்ளை ஒரு சாகசக் கதையைப் பார்க்கின்றது. அருகில் அமர்ந்திருக்கும் தந்தையோ தன்னைப் பார்க்கின்றார்.

2015 இல் பீட் டொக்டர் இயக்கிய 'இன்சைட் அவுட்' இவ்வரிசையில் தனித்துவமானது. மினசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயரும் ரைலி என்ற பதினொரு வயதுச் சிறுமியின் மனதுக்குள் மகிழ்ச்சி, துயரம், அச்சம், கோபம், அருவருப்பு என்ற ஐந்து உணர்ச்சிகளும் ஐந்து பாத்திரங்களாக நடமாடுகின்றன. டேச்சர் கெல்ட்னர், போல் எக்மன் ஆகிய உளவியல் அறிஞர்களின் ஆலோசனையைப் பெற்றே இப்படம் உருவாக்கப்பட்டது. படத்தின் பெரும்பகுதியில் மகிழ்ச்சி என்ற பாத்திரம், துயரத்தை எதிலும் கைவைக்க விடாது ஒதுக்கி வைக்கவே முயல்கின்றது. பிங் பொங் என்ற கற்பனைத் தோழன் தன் வண்டியை இழந்து மனமுடைந்து அமரும்போது மகிழ்ச்சி வேடிக்கை காட்டிப் பார்க்கின்றது, பயனில்லை. துயரம் அவனருகே அமர்ந்து, அவன் இழந்ததைப் பற்றிக் கேட்டு, அவன் அழுவதற்கு இடமளிக்கின்றது. அவன் அழுது முடித்து எழுந்து நடக்கின்றான்.

'அழாதே, அழக்கூடாது' என்று பிள்ளைகளை அடக்கியே பழகிவிட்ட குடும்பங்கள் இக்காட்சியின் முன் சற்றுச் சிந்திக்க வேண்டும். ஆறுதல் என்பது துயரத்தை மறக்கச் செய்வதன்று, அதனைப் பகிர்ந்துகொள்வதே என்பதை இரண்டு நிமிடத்துக்குள் ஆறு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்படி சொல்லிவிடுகின்றது அது.

ஒரே நாளில் இரு படங்கள்

ஒப்பீட்டுக்கு இதனினும் சிறந்த ஒரு வாய்ப்பை ஜப்பானியத் திரைப்பட வரலாறு வழங்குகின்றது. 1988 ஏப்ரல் 16 ஆம் திகதி ஜிப்லி நிறுவனம் இரண்டு படங்களை ஒரே காட்சியில் அடுத்தடுத்துக் காண்பிக்கும் வகையில் வெளியிட்டது. ஒன்று மியாசாகியின் 'மை நெய்பர் டொட்டோரோ'. மற்றையது தகஹாட்டாவின் 'மின்மினிகளின் கல்லறை'. இரண்டிலும் இரு சிறு உடன்பிறப்புகள் உள்ளனர். இரண்டிலும் தாய் வீட்டில் இல்லை. ஆயினும் இரு படங்களும் இரு துருவங்களாகும்.

'டொட்டோரோ'வில் தாய் மருத்துவமனையில் இருக்கின்றார். சட்சுகி, மெய் என்ற சகோதரிகள் தந்தையுடன் கிராமத்து வீடொன்றில் குடியேறுகின்றனர். காட்டில் வாழும் டொட்டோரோ என்ற விந்தைப் பிராணியுடன் நட்புக் கொள்கின்றனர். இப்படத்தில் வில்லன் என்று எவரும் இல்லை, போர் இல்லை, துரத்தல் இல்லை. தாய் திரும்பி வருவாரா என்ற சொல்லப்படாத அச்சம் மாத்திரம் ஒவ்வொரு காட்சியின் அடியிலும் ஓடிக்கொண்டிருக்கின்றது. மழை பெய்யும் இரவில் பஸ் தரிப்பிடமொன்றில் தந்தைக்காகக் காத்திருக்கும் சட்சுகியின் அருகில் டொட்டோரோ வந்து நிற்கும் காட்சி புகழ்பெற்றது. சில நிமிடங்களுக்கு ஏறத்தாழ எதுவும் நிகழ்வதில்லை. மழைத்துளி விழுகின்றது. குடை கைமாறுகின்றது. இத்தகைய இடைவெளிகளை ஜப்பானிய மொழியில் 'மா' என்ற சொல்லால் மியாசாகி விளக்கியுள்ளார். இரு கைதட்டல்களுக்கு இடையிலுள்ள மௌனம் போன்றது அது. விநாடிக்கு விநாடி சத்தமும் ஓட்டமுமாகப் பிள்ளையின் கவனத்தைக் கட்டிப்போட முனையும் படங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, பார்வையாளர் மீது கொண்டுள்ள நம்பிக்கையின் வேறுபாடாகும்.

'மின்மினிகளின் கல்லறை' 1945 இல் அமெரிக்க விமானங்களின் தீக்குண்டு வீச்சுக்கு இலக்கான கோபே நகரில் தொடங்குகின்றது. தாயை இழந்த பதினான்கு வயதுச் செய்ட்டாவும் நான்கு வயதுத் தங்கை செட்சுகோவும் உணவின்றி மெல்ல மெல்ல மடிவதே கதை. முதற் காட்சியிலேயே செய்ட்டா ரயில் நிலையத்தில் இறந்துவிடுகின்றான். எனவே அவர்கள் தப்புவார்களா என்ற கேள்விக்கே இடமில்லை; எவ்வாறு கைவிடப்பட்டனர் என்பதே கேள்வி. அகியுகி நொசாகா 1967 இல் எழுதிய சிறுகதையைத் தழுவிய படம் இது. நொசாகா போரில் தன் தங்கையைப் பசிக்குப் பறிகொடுத்தவர். தகஹாட்டாவும் ஒன்பது வயதில் ஒக்கயாமா நகர் மீதான குண்டுவீச்சில் உயிர் தப்பியவர்.

இப்படத்தின் ஆழம் அதன் சோகத்தில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை. பிள்ளைகளைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டு, பின்னர் சோற்றின் அளவைக் குறைத்துச் சுடுசொல் கூறும் உறவினப் பெண்மணி அரக்கியாகச் சித்திரிக்கப்படவில்லை. பஞ்சத்தில் சராசரி மனிதர் நடந்துகொள்ளும் விதத்திலேயே அவர் நடந்துகொள்கின்றார். வீம்பினால் அவ்வீட்டை விட்டு வெளியேறும் செய்ட்டாவின் முடிவும் தங்கையின் மரணத்துக்கு ஒரு காரணம் என்பதைப் படம் மறைக்கவில்லை. இதனை வெறும் போர் எதிர்ப்புப் படமாகக் கொள்ளவேண்டாம் என்று தகஹாட்டா பலமுறை கூறியதன் பொருள் இதுவே. ஒரு சமூகம் தன் பிள்ளைகளைக் கைவிடுவதற்கு எதிரியின் குண்டு மாத்திரம் போதாது, அயலாரின் அலட்சியமும் வேண்டும் என்பதே அவர் சொல்ல வந்தது. இடம்பெயர்வையும் நிவாரண வரிசையையும் உறவினர் வீட்டுத் திண்ணையையும் நேரில் அறிந்த நம் நாட்டுத் தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

சித்திரப் படம் என்பதற்காக இதனைச் சிறு பிள்ளைகளின் முன் போட்டுவிடலாகாது. பெரியவர் முதலில் பார்த்து, பிள்ளையின் வயதையும் அது கண்ட இழப்புகளையும் எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டிய படம் இது. ஆழமான படம் யாவும் எல்லா வயதினருக்கும் உரியதன்று.

வில்லனும் நகைச்சுவையும்

ஆழத்தை அளக்கும் மற்றோர் அளவுகோல் தீமையைக் காட்டும் முறையாகும். தீயவன் கறுத்தவனாகவோ குரூபியாகவோ காட்டப்பட்டு, இறுதியில் உயரத்திலிருந்து வீழ்ந்து மடிவது பழைய சூத்திரம். மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' (2001) இச்சூத்திரத்தை உடைத்தெறிந்தது. பத்து வயதுச் சிஹிரோவின் பெற்றோர் பேராசையுடன் உண்டு பன்றிகளாக மாறுகின்றனர். ஆவிகள் நீராட வரும் விடுதியில் வேலைக்குச் சேரும் சிறுமியின் பெயரையே பறித்துக்கொள்கின்றாள் முதலாளி யுபாபா. ஆனால் அதே யுபாபா தன் பிள்ளையிடம் அளவற்ற பாசம் கொண்டவள். எவரும் நெருங்க அஞ்சும் துர்நாற்றம் வீசும் ஆவியைச் சிஹிரோ துணிந்து கழுவுகையில், அதன் உடலிலிருந்து பழைய சைக்கிளும் குப்பைகூளங்களும் வெளிவருகின்றன. அது மனிதர் மாசுபடுத்திய ஒரு நதியின் தெய்வம். தீமை எனத் தோன்றுவது பல வேளைகளில் காயம்பட்ட நன்மையே என்பதை இதைவிடத் தெளிவாகப் பிள்ளைக்குச் சொல்ல முடியாது. 2002 இல் பேர்லின் விழாவில் தங்கக் கரடி விருதைப் பகிர்ந்துகொண்ட இப்படம் 2003 இல் ஒஸ்கார் விருதையும் வென்றது.

நகைச்சுவையிலும் இரு வகை உண்டு. 2001 இல் வெளியான 'ஷ்ரெக்' படத்தின் வெற்றியைத் தொடர்ந்து, பிள்ளைகளுக்கு விளங்காத சிலேடைகளையும் பிரபலங்கள் பற்றிய கேலிகளையும் பெற்றோருக்கெனத் தனியாகத் தூவுவது பெருவழக்காயிற்று. 'ஷ்ரெக்' தன்னளவில் சுவையான படமே. அழகற்றவனும் அன்புக்குரியவனே என்ற அதன் செய்தி மதிக்கத்தக்கது. ஆனால் அதனைப் பின்பற்றிய பல படங்களில் தந்தை ஒன்றுக்குச் சிரிக்க, பிள்ளை வேறொன்றுக்குச் சிரித்தது. அருகருகே அமர்ந்திருந்தும் இருவரும் வெவ்வேறு படங்களையே பார்த்தனர். பிறந்த ஆண்டின் செய்திகளை நம்பிப் பிறந்த நகைச்சுவை விரைவில் முதுமையடைந்தும் விடுகின்றது. அப்படங்களுக்கு மாறாக 'அப்' (2009) படத்தின் ஆரம்பத்தில் கார்ல், எல்லி தம்பதியரின் மணவாழ்க்கை முழுவதும் ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் வசனமின்றிச் சொல்லப்படுகின்றது. பேரனும் பாட்டனும் ஒரே காட்சியை, ஒரே வேளையில், தத்தமது வயதுக்கேற்ற ஆழத்தில் உணர்கின்றனர். குடும்பப் படம் என்ற சொல்லுக்கு முழுமையான பொருள் இதுவே.

பிறரைக் காட்டும் முறை

நமது வாசகர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய மற்றொரு விடயமும் உண்டு. தன்னிலிருந்து வேறுபட்ட மக்களை ஒரு படம் எவ்வாறு காட்டுகின்றது என்பதே அது. டிஸ்னியின் 'அலாதீன்' 1992 இல் வெளியானபோது, பிடிக்காத முகமுடையவரின் காதை அறுக்கும் தேசம் என அரபு மண்ணை வர்ணிக்கும் வரி அதன் முதற் பாடலிலேயே இடம்பெற்றிருந்தது. அமெரிக்க அரபு மக்களின் பாகுபாட்டு எதிர்ப்புக் குழு ஆட்சேபம் தெரிவித்ததையடுத்து, 1993 இல் வெளியான வீடியோ பிரதியில் அவ்வரி மாற்றப்பட்டது. எனினும் அத்தேசத்தைக் காட்டுமிராண்டித்தனமானதென விபரிக்கும் சொல் அப்படியே விடப்பட்டது. நடிகர்களைக் கொண்டு 2019 இல் எடுக்கப்பட்ட வடிவத்திலேயே அச்சொல் நீங்கிற்று. நாயகன் அமெரிக்க உச்சரிப்பில் பேச, கொடியவர்களும் சந்தை வியாபாரிகளும் அந்நிய உச்சரிப்பில் பேசுவதும் அன்றே விமர்சிக்கப்பட்டது. 'த லயன் கிங்'கில் கழுதைப்புலிகள் சித்திரிக்கப்பட்ட விதம் பற்றியும் இதனையொத்த கண்டனம் எழுந்தமை குறிப்பிடத்தக்கது. மேலே நாம் பாராட்டிய படமும் குறையற்றதன்று.

இதனோடு ஒப்பிடத்தக்கது 2017 இல் அயர்லாந்தின் கார்ட்டூன் சலூன் நிறுவனம் தயாரித்து, நோரா டூமி என்ற பெண் இயக்கிய 'த பிரெட்வின்னர்'. டெபோரா எல்லிஸின் நாவலைத் தழுவிய இப்படம் தலிபான்களின் முதலாவது ஆட்சிக்காலக் காபூலில் நிகழ்கின்றது. தந்தை கைதுசெய்யப்பட, ஆண் துணையின்றிப் பெண்கள் வீதியில் இறங்க முடியாத நிலையில், பதினொரு வயதுப் பர்வானா தலைமயிரை வெட்டிச் சிறுவனாக வேடமிட்டு உழைக்கப் புறப்படுகின்றாள். அவளிடம் கடிதமொன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும் எழுதப் படிக்கத் தெரியாத ரசாக், அதில் தன் மனைவியின் மரணச் செய்தியைக் கேட்டு நொறுங்கிப்போகின்றான். அதே மனிதனே பின்னர் அவளுக்குத் துணை நிற்கின்றான். இங்கு அடக்குமுறை மறைக்கப்படவில்லை. அதேவேளை ஒரு மதமோ மக்கள் கூட்டமோ ஒட்டுமொத்தமாகக் கொடியதென முத்திரை குத்தப்படவுமில்லை. கதை சொல்லும் தந்தையும், அக்கதையால் தம்பியைத் தேற்றும் மகளும் அதே மண்ணின் பிள்ளைகளே. இரு படங்களும் வெளியாரால் எடுக்கப்பட்டவையே. ஒன்று அம்மண்ணை வேடிக்கைப் பின்னணியாகக் கண்டது. மற்றையது மனிதர் வாழும் இடமாகக் கண்டது.

வணிகமும் மொழியும்

ஒரு படம் வெற்றி பெற்றால் அதன் பெயரை வைத்து மலிவாக இன்னொன்றை ஆக்கி விற்கும் வழக்கம் தரத்துக்கு எப்போதும் ஆபத்தானது. 1994 இல் 'ஜாஃபரின் மீள்வருகை'யோடு டிஸ்னி நிறுவனம் தனது புகழ்பெற்ற படங்களின் தொடர்ச்சிகளைத் திரையரங்குக்கு அனுப்பாமலே வீடியோவாக விற்கத் தொடங்கிற்று. 'சின்ட்ரெல்லா'வுக்குக் கூட 2002 இல் இரண்டாம் பாகம் வந்தது. 2006 இல் 740 கோடி டொலருக்குப் பிக்ஸாரை டிஸ்னி வாங்கியதன் பின்னர், பிக்ஸார் தலைவர்களின் கைக்குப் பொறுப்பு மாறியபோதே இவ்வழக்கம் கைவிடப்பட்டது. ஆனால் தொடர்ச்சி என்பதாலேயே ஒரு படம் தாழ்ந்துவிடுவதுமில்லை. பிள்ளை வளர்ந்து விளையாட்டுப் பொருட்களைக் கைவிடும் தருணத்தைச் சொன்ன 'டோய் ஸ்டோரி 3' (2010) அதற்குச் சான்று. சொல்வதற்குப் புதிதாக ஏதேனும் உண்டா என்பதே வினா.

மொழியும் தரத்தின் ஓர் அங்கமே. 1982 இல் ஆரம்பமான ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த, 'பக்ஸ் பனி' தொடரை 'ஹா ஹா ஹரி ஹாவா' எனச் சிங்களமாக்கியபோது சொல்லுக்குச் சொல் மாற்றம் செய்யவில்லை; அந்த முயலைச் சிங்களம் பேசிப் பிறந்த முயலாகவே ஆக்கினார். ஒரு தலைமுறையே அதனைத் தன்னுடையதாக எண்ணி வளர்ந்தது. நம் நாட்டுத் தமிழ் பேசும் சிறார்களைப் பெரும்பாலும் வந்தடைவது தமிழகத்தில் மொழிமாற்றப்பட்ட குரல்களே. யாழ்ப்பாணத்திலோ காத்தான்குடியிலோ மலையகத்திலோ வளரும் பிள்ளை தன் வீட்டுத் தமிழைத் திரையில் கேட்பது அரிது. 'ஃப்ளோ' போன்ற படங்கள் மலிவான கருவிகளாலும் சாத்தியம் என்று தெளிவாகிவிட்ட இக்காலத்தில், இக்குறையை நிரந்தரமானதெனக் கருத வேண்டியதில்லை.

தேர்வு யாருடையது?

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், குடும்ப அசைவூட்டப் படமொன்றின் முன் பெற்றோர் எழுப்பத்தக்க வினாக்கள் சில தெளிவாகின்றன. துயரம் வரும்போது படம் அதனை எதிர்கொள்கின்றதா, அல்லது ஒரு பாட்டைப் போட்டுத் தப்பி ஓடுகின்றதா? தீமைக்குக் காரணம் உண்டா, அல்லது முகம் மாத்திரம் உண்டா? பிள்ளையும் பெரியவரும் ஒரே இடத்தில் நெகிழ்கின்றனரா? நம்மைப் போன்றோரையும் பிறரையும் மனிதராகக் காட்டுகின்றதா? இடையிடையே மௌனத்துக்கு இடமுண்டா? இவற்றுள் மூன்றுக்கேனும் ஆம் என்ற விடை கிடைத்தால் அப்படத்தைத் திரும்பவும் பார்க்கலாம்.

இதற்காகச் சிரிப்புப் படங்களைத் தடைசெய்ய வேண்டும் என்பதன்று நமது கருத்து. சிரிப்பதற்கு மாத்திரம் ஒரு படம் இருப்பதில் தவறேதுமில்லை. பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டும். ஆனால் தேர்வை முழுமையாக இயந்திரத்திடம் ஒப்படைப்பது வேறு விடயம். கைத்தொலைபேசியில் ஒரு படம் முடிந்ததும் அடுத்ததைத் தானாகவே ஓடவிடும் ஏற்பாட்டுக்குப் பிள்ளையின் வயதும் தெரியாது, நேற்று அவ்வீட்டில் நிகழ்ந்த மரணமும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளை இன்னும் எத்தனை நிமிடம் பார்க்கும் என்பதே.

படத்தைத் தேர்வதைக் காட்டிலும் முக்கியமானது அதனோடு உடனிருப்பதாகும். பாம்பியின் தாய் எங்கே போயிற்று என்று பிள்ளை கேட்கும். விடை சொல்ல ஒருவர் அருகில் இருந்தால் அக்கேள்வி, பாட்டியின் மறைவு பற்றியும் கடலுக்குச் சென்று திரும்பாத மாமா பற்றியும் பேசுவதற்கான வாசலாகும். எவரும் இல்லையெனில் பிள்ளை தானே ஒரு விடையைக் கற்பித்துக்கொள்ளும். அந்த விடை சரியானதாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை.